புறாவால் இணைப்பா, புறா வால் இணைப்பா? – டவ்டெயிலுக்கு ஒரு சொல் வேண்டும்

இழைப்புளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும், அவசரம்.

ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மரவேலை சொல்லிக்கொடுக்கிறேன். இந்த முறை மேசைக்கு இழுப்பறை. அதற்கான கையேடு அச்சுக்குப் போகிறது. அதில் ‘டவ்டெயில் ஜாயிண்ட்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. சொல்லுக்குச் சொல்லாக ‘புறாவால் இணைப்பு’ என்று போட்டுவைத்திருந்தேன். படித்துப்பார்த்த மாணவி ஒருத்தி, “புறாவால் எதை சார் இணைக்கிறோம்?” என்று கேட்டுவிட்டாள். புறா + ஆல், மூன்றாம் வேற்றுமை! அதற்கப்புறம் அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது.

பார்க்காதவர்களுக்காக: இழுப்பறையின் பக்கப் பலகை முனையில் விசிறிபோல விரியும் துண்டுகளை (இவைதான் ‘வால்’) விட்டு மீதியை வெட்டி எடுப்போம். அடி குறுகல், நுனி அகலம். முகப்புப் பலகையின் முனையில் அவற்றுக்கு எதிரான பள்ளங்கள். பக்கப் பலகையைப் பக்கவாட்டில் தட்டி இறக்கினால் இரண்டும் கவ்விக்கொள்ளும். பிறகு முகப்பைப் பிடித்து எத்தனை வருடம் இழுத்தாலும் கழன்று வராது. ஆணி வேண்டாம். ஆணி அடித்தால் அது பக்கப் பலகையின் குறுக்குவெட்டு முகத்தில்தான் இறங்கும். அந்த முகத்தில் ஆணியும் சரியாக நிற்காது, பசையும் நிற்காது.

சுவடி எழுதியது:

உங்கள் மாணவிக்கு என் வணக்கம். பிழை உங்களுடையது அன்று, உடம்படுமெய்யினுடையது. புறா + ஆல், புறா + வால் இரண்டும் ‘புறாவால்’ என்றே முடிகின்றன. இடம்விட்டு எழுதினால் கண்ணுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது.

‘இணைப்பு’ வேண்டாம் என்பேன். மின் இணைப்பு, எரிவாயு இணைப்பு, மின்னஞ்சலில் இணைப்பு என்று அந்தச் சொல் ஏற்கெனவே ஓவர்டைம் பார்க்கிறது. ‘மூட்டு’ என்றால் வலி நினைவுக்கு வரும். ‘பொருத்து’ இருக்கிறது, பழைய சொல். வால் + பொருத்து = வாற்பொருத்து. வல்லினம் வர லகரம் றகரமாகும். ‘புறா வாற்பொருத்து’ என்று எழுதினால் எந்த வேற்றுமையும் உள்ளே நுழையாது.

ஆனால் புறா எதற்கு? ஜெர்மன்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அது தகைவிலான் குருவியின் வால். ஸ்பானியருக்குப் பருந்து வால். ஜப்பானியத் தச்சருக்கு எறும்பு: ‘அரி’ என்பார்கள். அவரவர் கண்ணுக்குப் பட்டதை அவரவர் வைத்துக்கொண்டார்கள். நாம் மட்டும் ஏன் ஆங்கிலப் புறாவை வாங்கி வளர்க்க வேண்டும்?

தென்னூரான் எழுதியது:

சுவடி ஐயா, பெரிய விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். ஜப்பானியத்தில் எறும்புக்கு அரி. தமிழில் எறும்பு என்ன செய்யும்? அரிக்கும். கரையான் என்ன செய்யும்? அரிக்கும். அரிவாளிலும் அதே அரிதான். அரி என்றால் அறு, வெட்டு. தச்சன் செய்வதும் அதுவே. தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ பல வருடம் வாதாடினார். இந்தச் சொல் அவர் கண்ணில் பட்டதா என்று தேட வேண்டும். அரி, அரம், அராவு என்று அடுக்கிப் பாருங்கள். ‘அரிப்பொருத்து’ என்பதே என் பரிந்துரை. இது கடன் வாங்குவது அன்று, கொடுத்ததைத் திரும்பப் பெறுவது.

இழைப்புளி எழுதியது:

தென்னூரான் அண்ணா, மரவேலைக் கையேட்டில் ‘அரிப்பொருத்து’ என்று போட்டால், கரையான் அரித்த பொருத்து என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சொறிந்துகொண்டாலும் ஆச்சரியமில்லை.

மேளக்காரர் எழுதியது:

உருவத்தைப் பாருங்கள் நண்பர்களே, பறவை, பூச்சி எல்லாம் அப்புறம். மேசைப் பலகையில் விரிசல் மேலே ஓடாமல் இருக்க, அதன் குறுக்கே இடை சிறுத்த ஒரு கட்டையைப் பதிப்பார்கள். இங்கிலீஷில் பட்டாம்பூச்சி என்கிறார்கள். நம் ஆள் எவனைக் கேட்டாலும் உடுக்கை என்பான். எகிப்தியக் கோயில்களில் இரண்டு கல்லைச் சேர்த்துப் பிடிக்க மரத்தில் செய்து பதித்ததும் இதே உடுக்கைதான். அந்த உடுக்கையைப் பாதியாக வெட்டுங்கள். கையில் இருப்பது டவ்டெயிலின் ஒரு வால்.

உடுக்கைக்குப் பழைய சொல் துடி. துடியிடை என்று பாடாத புலவன் உண்டா? அடி குறுகி நுனி விரிவதற்கு இதைவிடத் தமிழில் என்ன வேண்டும்? துடிப்பொருத்து.

சுவடி எழுதியது:

அழகான சொல். ஆனால் துடி என்றதும் இன்றைக்குத் துடிப்பு அல்லவா முன்னால் வந்து நிற்கிறது? மரப்பொருத்து ஆடாமல் இருக்க வேண்டியது. துடித்தால் பிரித்து மறுபடி செய்ய வேண்டியதுதான்.

யாழ்வாசி எழுதியது:

வணக்கம். எங்கள் பக்கம் ‘இழுப்பறை’ என்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். லாச்சிதான். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். அலுமாரியும் மேசையும் போர்த்துக்கேயர் தந்தவை. உங்கள் பக்கத்துப் பீரோ பிரெஞ்சுக்காரருடையது. அலுமாரி, மேசை, லாச்சி எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் உள்ளே விட்டுவிட்டு, லாச்சியின் மூலையில் இருக்கிற டவ்டெயிலிடம் மட்டும் கடவுச்சீட்டுக் கேட்கிறீர்களே, இது என்ன நியாயம்? அப்படியே விடுங்கள். நூறு வருடம் போனால் அதுவும் தமிழ்தான்.

தென்னூரான் எழுதியது:

நூறு வருடம் பொறுக்கலாம். அதற்குள் தச்சுச் சொல் ஒன்றும் மிச்சமிருக்காது. காடி, முளை, குடுமி, ஆப்பு இவற்றை எத்தனை பேருக்குத் தெரியும் இன்று?

நூலில் தேடலாம் என்றால் மயமதம் என்ற சமஸ்கிருதக் கட்டடக்கலை நூல் இருக்கிறது. மரங்களைப் பொருத்துவதற்கென்றே அதில் ஓர் அத்தியாயம். மல்லலீலை, வேணுபர்வம் என்று பெயர்கள். மற்போர் பிடி ஒன்று, மூங்கில் கணு ஒன்று. எத்தனை கற்பனை! ஆனால் எல்லாம் வடசொல். எனக்கு ஆகாது.

பட்டறை எழுதியது:

நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. நாற்பது வருடமாக உளி பிடிக்கிறேன். எங்கள் பட்டறையில் டவ்டெயில் என்றுதான் சொல்கிறோம். இப்போது அதைச் சொல்கிற தேவையும் குறைந்துவிட்டது. எல்லாம் பிளைவுட், திருகு, சேனல். பிளைவுட்டில் இதை வெட்டினால் அடுக்கு பிய்ந்து வரும், அதையும் கையேட்டில் போடுங்கள்.

நீங்கள் எந்தச் சொல்லை வைத்தாலும் சரி, எந்தப் பலகையில் வால் என்பது அதில் தெரிய வேண்டும். என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவன் வாலை முகப்புப் பலகையில் வெட்டிவிட்டான். வேலை சுத்தம், ஒரு நூல் இடைவெளி இல்லை. பூட்டி இழுத்தான், முகப்பு கையோடு வந்துவிட்டது. வால் பக்கப் பலகையில், வாலுக்கு இடையில் நுழைகிற முளை முகப்பில். இழுக்கிற திசையை எது தடுக்கிறதோ அதுதான் வால்.

சரிவும் முக்கியம். தேக்கு, பூவரசு என்றால் 8-க்கு 1, அதாவது எட்டுப் பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு சரிவு. பைன் மாதிரி மெத்தென்ற மரம் என்றால் 6-க்கு 1. அதைவிடச் சரித்தால் வாலின் மூலை உடையும், நிமிர்த்தினால் பிடிமானம் போய்விடும். முதலில் வாலை அறுத்து, அதையே முகப்பின் மேல் வைத்துக் கத்தி முனையால் கோடு இழுக்கச் சொல்லுங்கள். பென்சில் கோடு தடிமன், அதிலேயே பொருத்தம் கெடும். ரம்பம் கோட்டின் மேல் ஓடக்கூடாது, கழிவுப் பக்கம் ஓட வேண்டும். உளியை ஒரே பக்கத்திலிருந்து இறக்கினால் மறுபக்கம் சிதறும். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். பசையில்லாமல் பூட்டிப் பார்ப்பது ஒரு தடவை போதும், அதுவும் முக்கால்வாசிதான். பூட்டிப் பூட்டிக் கழற்றினால் தளர்ந்துவிடும்.

சுவடி எழுதியது:

ஐயா, இந்த இழையில் உருப்படியாக வந்த மடல் இது ஒன்றுதான்.

‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று தொல்காப்பியர் உரியியலில் சொல்லிவிட்டுப் போனார். ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்தது என்பது பார்த்ததும் விளங்காது என்கிறார். எறும்பு வரைக்கும் போய்த் திரும்பிய பிறகுதான் நமக்கு அது ஞாபகம் வருகிறது. பட்டறை ஐயா வாய் நிறைய ‘வால்’, ‘முளை’ என்கிறார். ‘புறா’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அப்படியானால் விலங்கையே விட்டுவிடலாமே. வாற்பொருத்து. எதன் வால் என்று கேட்பவர் அவரவருக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளட்டும்.

இழைப்புளி எழுதியது:

ஒரு செய்தி. படத்தை மட்டும் காட்டி வகுப்பில் கேட்டேன். ஒன்பது பேர் ‘மீன் வால்’ என்றார்கள், ஒருவர் ‘வேட்டி மடிப்பு’ என்றார். உடுக்கை என்று யாருமே சொல்லவில்லை, மேளக்காரர் மன்னிக்கவும்.

மேளக்காரர் எழுதியது:

முழுக் கட்டையைக் காட்டிக் கேளுங்கள் தம்பி. பாதியைக் காட்டிக் கேட்டால் மீன்தான் வரும்.

இழைப்புளி எழுதியது:

வியாழன் இரவு பதினொன்று. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் ‘வாற்பொருத்து, பட்டறையில் டவ்டெயில்’ என்றும், பிறகு எல்லா இடத்திலும் வாற்பொருத்து என்றும் போட்டிருக்கிறேன். முகப்பில் வெட்டு தெரியாமல் மறைத்துச் செய்கிற வகைக்கு ‘மறைவாற்பொருத்து’. இதைத் தட்டும்போது கொஞ்சம் கூசியது. பட்டறை ஐயா சொன்ன அந்தப் பையன் கதையைப் பெயரில்லாமல் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் ரீபேட், பலகை விளிம்பில் படிபோல வெட்டுவது. காடி போதுமா, வேறு வேண்டுமா?

யாழ்வாசி எழுதியது:

லாச்சி என்று ஓரிடத்திலாவது அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கலாம்.

மேளக்காரர் எழுதியது:

கையேடு வந்ததும் ஒரு பிரதி அனுப்புங்கள். என் பிரதியில் பேனாவால் அடித்துத் துடிப்பொருத்து என்று திருத்திக்கொள்கிறேன். பேனாவால் என்பது இங்கே மூன்றாம் வேற்றுமைதான்.