டிஸ்னி வேர்ல்ட்: அந்த 30 நிமிடத்துக்காக உள்ளேயே தங்கணுமா?

கணக்குப்புலி:
"வாழ்நாளில் ஒரு தடவை" என்று தலைப்பு வைத்து ஓர்லாண்டோ பயணத் திட்டம் ஒன்று நேற்று முதல் இங்கே சுற்றுகிறது. தாத்தா பாட்டி, குழந்தைகள் சேர்த்து 6 பேர், 5 நாள் பூங்கா. நடுவில் ஒரு முத்து: "டிஸ்னி ஓட்டல் சுத்த வீண். காலையில் 30 நிமிடம் முன்னாடி விடுவாங்க, அவ்வளவுதான். 30 நிமிடத்துல என்ன கிழிச்சிட முடியும்?" இதற்கு ஆளாளுக்கு "அருமை தல" வேறு.

என்ன கிழிக்கலாம் என்று கேளுங்கள். பூங்கா 9 மணிக்குத் திறக்கும் நாளில் ஓட்டல் விருந்தினருக்கு 8:30. நான்கு பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டமில் அந்த நேரத்தில் ஃபேன்டசிலேண்ட், டுமாரோலேண்ட் பகுதிகள் இரண்டும் ஓடும். முதலில் செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின் ரைடு, இறங்கியதும் நேரே பீட்டர் பான் ரைடு. கூட்ட நாளில் மதியம் போனால் இந்த இரண்டுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் வரிசையிலேயே போய்விடும். 30 நிமிடம் கொடுத்து 120 நிமிடம் வாங்குகிறீர்கள். 5 நாளுக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். பெருக்கத் தெரியாதவர்கள் திட்டம் எழுத வேண்டாம்.

மைனர்:
அந்த வரிய எழுதினவன் நான்தான். பேர் சொல்லியே திட்டலாம் சார், கூச்சமே வேணாம்.

மேஜிக் கிங்டம்ல 8:30க்கு வெளி ஓட்டல்காரனும் உள்ளதான் நிக்கிறான். டிக்கெட்ட ஸ்கேன் பண்ணி மெயின் ஸ்ட்ரீட் வரைக்கும் எல்லாரையும் விட்டுருவாங்க. அங்க நிறுத்தி வெச்சு 9க்கு விடுவாங்க. அப்ப உங்க ஓட்டல் கூட்டம் மொத்தமும் ஃபேன்டசிலேண்ட்ல மாட்டிக்கிட்டு நிக்கும். நான் இடது பக்கம் திரும்பி அட்வென்ச்சர்லேண்ட் போய் ஜங்கிள் குரூஸ்ல ஏறிடுவேன். அந்தப் பக்கம் 9 மணி வரைக்கும் உங்களுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. எங்க சார் இருக்கு 30 நிமிடம்?

கணக்குப்புலி:
மெயின் ஸ்ட்ரீட்டில் கூட்டத்தோடு நின்று கோட்டையைப் பார்ப்பதற்கா அவ்வளவு காசு கொடுத்து டிக்கெட்? நீங்கள் நிற்கும்போது ஓட்டல்காரர்கள் ரயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுதான் 30 நிமிடம்.

ஜங்கிள் குரூஸில் முதல் ஆளாக ஏறுவது பெருமையா? மைன் டிரெயினுக்கு 10 மணிக்கு வந்து சேருவீர்கள். அங்கே இருக்கும் வரிசையின் படத்தைப் பதிவிடுங்கள், ரசிப்போம்.

சாரதா:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. 30 நிமிடம்னு எதைச் சொல்றீங்க? வாசல் திறக்கறதையா, ரைடு ஓட ஆரம்பிக்கறதையா? அதை முதல்ல பேசி முடிங்க.

அப்புறம், அந்தத் திட்டம் 6 பேருக்கு. டிஸ்னியோட மலிவு ஓட்டல்கள்ல சாதாரண அறைக்கு 4 பேர்தான், கூட 3 வயசுக்குக் குறைஞ்ச குழந்தை ஒண்ணு. 6 பேர்னா ரெண்டு அறை, இல்லன்னா ஆர்ட் ஆஃப் அனிமேஷன்ல ஃபேமிலி ஸ்வீட். ரெண்டு அறைன்னா நடுவுல கதவு இருக்கற மாதிரி வேணும்னு பதிவு பண்ணும்போதே எழுதிடுங்க. வயசானவங்க ஒரு மாடி, குழந்தைங்க வேற மாடின்னு போயிடக் கூடாது. வெளியே கிஸ்ஸிமி ஊர்ப் பக்கம் வில்லா எடுத்தா 3 படுக்கையறை, சமையலறை, துணி துவைக்கற மெஷின் எல்லாம் உண்டு. ஆனா சுத்தம் பண்ற கட்டணம் தனியா வரும். காரும் கட்டாயம்.

மைனர்:
அக்காவே சொல்லிட்டாங்க, வில்லாதான். நன்றி அக்கா.

கணக்குப்புலி:
கடைசி வரியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு படித்தீர்களா? "காரும் கட்டாயம்" என்று இருக்கிறது.

கிஸ்ஸிமியிலிருந்து மேஜிக் கிங்டம் போகிற வழியைச் சொல்கிறேன். கார், பூங்கா வாசல் வரை போகாது. டிரான்ஸ்போர்ட்டேஷன் அண்ட் டிக்கெட் சென்டரில் நிறுத்த வேண்டும். அங்கே பை சோதனை. பிறகு மோனோரயில் அல்லது படகு. அதற்குப் பிறகுதான் டிக்கெட் வாசல். தாத்தா பாட்டி, தள்ளுவண்டி சகிதம் 6 பேர் இதைக் கடக்க 40 நிமிடம் ஒதுக்க வேண்டும். டிஸ்னி ஓட்டல் பஸ் இந்தச் சென்டருக்கே போகாமல் பூங்கா வாசலில் இறக்கிவிடும். டிஸ்னியின் கன்டெம்ப்ரரி ஓட்டலிலிருந்து நடந்தே பத்து நிமிடத்தில் வரலாம். ஆக உங்கள் கணக்கில் 30 நிமிடம் மட்டும் போகவில்லை, 30 கூட்டல் 40.

மைனர்:
அது ஒரு பூங்காவுக்கு மட்டும்தானே சார்? எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் மூணுக்கும் பார்க்கிங் வாசல் முன்னாடியே இருக்கு. ஒரு நாள் பார்க்கிங் காசு கட்டினா அன்னிக்கு நாலு பூங்காவுக்கும் செல்லும். நாலுல ஒண்ணைக் காட்டி நாலுக்கும் கணக்குப் போடறீங்க.

உங்க ஓட்டல்ல இருந்து பூங்காவுக்கு வர்ற ஸ்கைலைனர் கேபிள் கார் மழை இடின்னா நின்னுடும், அத ஏன் சொல்லல? ஓட்டல் பஸ் வரலன்னா 30 நிமிடம் பஸ் ஸ்டாப்லயே காலி.

இன்னொண்ணு. டிஸ்னி ஓட்டல் மட்டுமே 25க்கு மேல இருக்கு. அத்தனை பேருக்கும் அதே 30 நிமிடம். ஊருக்கே கொடுத்தா அதுக்குப் பேரு சலுகையா?

கணக்குப்புலி:
ஊருக்கே கொடுத்தும் உங்களுக்குக் கொடுக்கவில்லையே, அதுதான் சலுகை.

டால்பின்:
ஒரு தகவல். எப்காட் பக்கத்துல இருக்கற ஸ்வான், டால்பின் ஓட்டல் ரெண்டும் மேரியட் நடத்தறது. அங்க தங்கினாலும் அதே 30 நிமிடம் உண்டு. எப்காட்டோட பின்வாசல் இன்டர்நேஷனல் கேட்வேக்கு நடந்தே போயிடலாம், ரெமி ரைடு அதுக்குக் கிட்டவே இருக்கு. ரிசார்ட் கட்டணம்னு தினமும் தனியா வாங்குவாங்க, அதையும் கூட்டிக்கிட்டுதான் விலையை ஒப்பிடணும். டிஸ்னியோட சொந்த ஓட்டல்கள்ல அந்தக் கட்டணம் இல்ல.

மைனர்:
ஆக டிஸ்னி ஓட்டல்லயே தங்காம 30 நிமிடம் வாங்கலாம். புலி சார், உங்க கட்சி ஆளே உங்க கூரையப் பிரிக்கிறாரு.

கணக்குப்புலி:
ஸ்வானும் டால்பினும் வளாகத்துக்குள் இருக்கின்றன. "உள்ளே" என்றுதான் தலைப்பிலேயே போட்டிருக்கிறேன். தலைப்பைக் கூடப் படிக்காமல் பதில் போடுகிறவர்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

அந்த 30 நிமிடத்தைத் தவறவிடுகிறவர்கள் எப்படித் தவறவிடுகிறார்கள் என்றும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது பயன்படட்டும். ஓட்டல் பதிவு எண்ணும் எல்லாருடைய டிக்கெட்டும் மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் ஆப்பில் ஒரே குழுவாக இணைந்திருக்க வேண்டும். இடைத்தரகர் தளத்தில் அறை எடுத்தால் அவர்கள் தரும் எண் வேறு, டிஸ்னியின் எண் வேறு. டிஸ்னி எண்ணைக் கேட்டு வாங்கி இணைக்காவிட்டால் காலையில் ஸ்கேன் செய்யும்போது நீங்கள் வெளியாள்தான். அறைச் சாவி மாலையில்தான் கிடைக்கும். ஆனால் அறைக்கு வரும் நாள், காலி செய்யும் நாள் இரண்டுக்கும் காலைச் சலுகை உண்டு. பெட்டிகளை பெல் சர்வீஸில் கொடுத்துவிட்டுப் போகலாம்.

8:30 என்றால் 8:30க்கு வருவதல்ல. டிக்கெட் வாசலில் 7:45க்கு இருக்க வேண்டும். 8:25க்கு வந்து சேர்ந்துவிட்டு "30 நிமிடம் வீண்" என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம். பெயர் சொல்லவில்லை.

நல்லதம்பி:
அண்ணன்களே, நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒரு இரவு மட்டும் டிஸ்னி ஓட்டல், மீதி வில்லா. வருகிற நாளும் போகிற நாளும் கணக்கில் வருவதால் ஒரு இரவுக்கு இரண்டு காலை கிடைக்கும். ஒன்றை மேஜிக் கிங்டமுக்கும் மற்றதை ஹாலிவுட் ஸ்டூடியோஸ் ஸ்லிங்கி டாக் ரைடுக்கும் வைத்துக்கொண்டால் முடிந்தது.

தவிர, உள்ளே தங்குவதில் பெரிய லாபம் 30 நிமிடமே இல்லை. லைட்னிங் லேன் மல்டி பாஸ்தான், அதாவது காசு கட்டிக் குறுகிய வரிசையில் போகும் பாஸ். ஓட்டல் விருந்தினர் வந்து இறங்கும் தேதிக்கு 7 நாள் முன்பே பதியலாம், அதுவும் தங்கும் 14 நாள் வரைக்கும் ஒரே மூச்சில். வெளியே தங்குகிறவருக்கு அந்தந்த நாளுக்கு 3 நாள் முன்புதான். புளோரிடா நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும். மார்ச்சிலும் நவம்பரிலும் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள்; கடிகாரம் மாற்றாத நாட்டில் இருந்தால் உங்கள் ஊர் நேரக் கணக்கு ஒரு மணி நேரம் மாறும். வங்கிக் கார்டை முந்தின நாளே ஆப்பில் ஏற்றி வையுங்கள். 7 மணிக்குக் கார்டு மறுத்தால் ஸ்லிங்கி டாக் போய்விடும்.

கணக்குப்புலி:
தம்பி, 6 பேர் பெட்டி படுக்கையை நடுவில் ஒருமுறை கட்டி அவிழ்க்க அரை நாள். 30 நிமிடத்தை மிச்சம் பிடிக்க அரை நாள் செலவா? 5 இரவும் உள்ளே.

மைனர்:
நல்லதம்பி, லைட்னிங் லேன் வேற இழை. இங்க பேச்சு 30 நிமிடம். அத விட்டுட்டு 7 நாள், 3 நாள்னு திசை திருப்பாதீங்க. அப்புறம் அது ஓசி இல்ல, தலைக்குத் தலை தினமும் காசு. உள்ள தங்கினாலும் அதே காசுதான்.

டோக்கியோ தம்பி:
இதே கணக்குப்புலி ஐயாதான் டோக்கியோ டிஸ்னி இழையில் "ஓட்டல் விருந்தினருக்கு 15 நிமிடம் முன்னால் விடுவது கண்துடைப்பு" என்று எழுதினார். தேடி எடுத்துக்கொள்ளலாம், இன்னும் அழிக்கவில்லை. 15 நிமிடம் கண்துடைப்பு, 30 நிமிடம் சொர்க்கமா? எத்தனையாவது நிமிடத்தில் ஐயா சொர்க்கம் ஆரம்பிக்கிறது?

கணக்குப்புலி:
வந்துவிட்டார். நிலுவையில் இருந்த பகை.

டோக்கியோவை நடத்துவது ஓரியன்டல் லேண்ட் கம்பெனி. வேறு நிர்வாகம், வேறு விதி. 15 நிமிடத்தில் ஒரு ரைடைக்கூட ஒழுங்காக முடிக்க முடியாது. 30இல் இரண்டு. இரண்டை ஒன்றுமில்லாததோடு ஒப்பிடும் உங்கள் திறமை அந்த இழையிலேயே தெரிந்ததுதான்.

டோக்கியோ தம்பி:
அப்போது சொன்னது "நிமிடக் கணக்கு பார்ப்பவன் விடுமுறைக்கே போகக் கூடாது". சொல்லை மாற்றாதீர்கள்.

சாரதா:
எதிலிருந்து எது வரைக்கும் 30 நிமிடம்னு கேட்டேன். இன்னும் யாரும் சொல்லல.

போகட்டும். கடைக்குட்டி எத்தனை அங்குலம்னு யாராவது கேட்டீங்களா? மைன் டிரெயின்லயும் ஸ்லிங்கி டாக்லயும் ஏற குறைஞ்சது 38 அங்குல உயரம் வேணும். ஸ்பேஸ் மவுன்டன், ஃபிளைட் ஆஃப் பேசேஜ், எவரெஸ்ட் மூணும் 44. டிரான் 48. 37 அங்குலக் குழந்தையைக் கூட்டிட்டு விடியக்காலைல மைன் டிரெயினுக்கு ஓடி என்ன பண்றது? நுழைவுலயே ரைடர் ஸ்விட்ச் கேளுங்க. பாதிப் பேர் ஏறும்போது ஒருத்தர் குழந்தையோட வெளியே இருக்கலாம், அப்புறம் அவர் மறுபடி வரிசை நிக்காம லைட்னிங் லேன் வழியா போகலாம். இதுக்குக் காசு இல்ல. வாழ்நாள்ல ஒரு தடவைதான்னா, குட்டி 44 தொட்டப்புறம் போறது நல்லது.

மைனர்:
44 வரைக்கும் காத்திருந்தா டிக்கெட் காசு யார் தருவா அக்கா? 3 வயசு முடியாத குழந்தைக்கு டிக்கெட்டே வேணாம். 3லருந்து 9 வரைக்கும் பெரியவங்க விலைய விட சும்மா கொஞ்சம்தான் கம்மி. 10 ஆச்சுன்னா முழுசு.

சாரதா:
ஓசில கூட்டிட்டுப் போய் தள்ளுவண்டில தூங்க வெக்கறதுக்கா 20 மணி நேர விமானம்?

தள்ளுவண்டி:
என்னைக் கூப்பிட்டீங்களா? 😀 வேகன் மாதிரி இழுத்துட்டுப் போற வண்டி எடுத்துட்டுப் போகாதீங்க. 2019 மே மாசத்துலருந்து தடை. தள்ளுவண்டி அகலம் 31 அங்குலம், நீளம் 52 அங்குலம் தாண்டக் கூடாது. இரட்டை வண்டி வாங்கறவங்க அளந்து பார்த்து வாங்குங்க.

மைனர்:
தள்ளுவேன்னு சொன்னா வேகனையும் விடுவாங்க. இழுக்கறதுதான் தடை.

தள்ளுவண்டி:
விட மாட்டாங்க. வேகன்னா வேகன்தான், தள்ளினாலும் இழுத்தாலும்.

மைனர்:
விதில "தள்ளினாலும்"னு இருக்கா? காட்டுங்க.

கணக்குப்புலி:
வேகனை இழுத்துக்கொண்டு வந்து சோதனையில் நின்று வாதாடிப் பாருங்கள் மைனர். திரும்பப் பார்க்கிங் வரை போய் காரில் வைத்துவிட்டு வர எத்தனை நிமிடம் ஆகும் என்று பிறகு நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். ஓட்டலில் தங்கியிருந்தால் அறையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம்.

டோக்கியோ தம்பி:
புலி ஐயா, பழைய பதிவை இன்னும் மறுக்கவில்லை.

மைனர்:
ஓட்டல்ல தங்கினா மட்டும் வேகன உள்ள விடுவாங்களா சார்? கேள்விக்கு பதில் சொல்லுங்க. 31 அங்குலம்ங்கறது சக்கரத்தோட வெளி விளிம்பா, மேல கைப்பிடியா? அதையும் தள்ளுவண்டி அண்ணன் சொல்லட்டும்.

தள்ளுவண்டி:
எங்க ரொம்ப அகலமோ அங்க அளங்க. இதுல கூடவா சண்டை?

கணக்குப்புலி:
சண்டை போடவில்லை, விளக்குகிறேன். அடுத்த பதிவில் ஹாலிவுட் ஸ்டூடியோஸ் காலை ஓட்டத்தை நிமிடம் நிமிடமாகப் பிரித்துப் போடுகிறேன். அதுவரை மைனர் வாசலில் காத்திருக்கலாம்; பழக்கம்தானே.