புதுப்பிப்பு: புல்வெட்டும் மெஷின் கரும்புகை நின்றது

கடலூர் கடற்கரையை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டுப் பெட்ரோல் புல்வெட்டும் மெஷின் கரும்புகை கக்கித் திணறி நிற்கிறது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரைக் கழற்றலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கழற்றவே வேண்டியிருக்கவில்லை. பலர் சொன்னதுபோல, எஞ்சினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர்தான் காரணம்.

மூடியைத் திறந்தால் காகித மடிப்புகளுக்குள் கடற்கரை மணலும் காய்ந்த புல்தூளும் அப்பிக் கிடந்தன. காற்று குறைந்தால் பெட்ரோல் முழுதாக எரியாது. ஸ்பார்க் பிளக்கிலும் கரி.

புது ஃபில்டர் வாங்கப் போனால், கடையில் "எல்லாம் ஒரே சைஸ்தான் சார்" என்று ஒன்றை நீட்டினார்கள். நல்லவேளை, பழையது கையில் இருந்தது. நீள அகலம் சரி, உயரம் கம்மி. ஓர ரப்பர் அழுந்தி உட்காராவிட்டால் இடுக்கு வழியே மணல் நேரே சிலிண்டருக்குள் போகும். அப்புறம் உள்ளே இருக்கும் பிஸ்டன் ரிங் தேய்ந்து காலி. எஞ்சினில் பொறித்திருக்கும் மாடல் எண்ணைக் காட்டியபிறகுதான் சரியானது வந்தது.

ஃபில்டரைச் சுத்தம் செய்யக் கம்ப்ரஸர் காற்று அடிக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், காகிதம் கெட்டுவிடும். மெதுவாகத் தட்டினால் போதும், கழுவவும் கூடாது. காகித ஃபில்டருக்கு மேலே போடும் ஸ்பாஞ்சை மட்டும் சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காயவைக்கிறேன். அதில் எண்ணெய் தடவுவது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், மேனுவலைப் பாருங்கள். 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்கிறது என் மேனுவல். எங்கள் மணலுக்கு அவ்வளவு நேரம் தாங்காது, அதற்கு முன்பே செய்ய வேண்டும்.