கையில் அறுந்த நரம்புக்குக் கால் நரம்பா?

கேள்வி (செந்தூல்): தம்பி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மேல்கை எலும்பு முறிந்தது. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் ரேடியல் நரம்பு 5 சென்டிமீட்டர் சிதைந்து, மணிக்கட்டு தொங்கியே கிடக்கிறது. காலிலிருந்து நரம்பு எடுத்து வைக்கணும் என்கிறார் டாக்டர். இழுத்துத் தைத்தால் போதாதா? கால் பாதிக்குமா?

பதில் (பட்டர்வொர்த்): 5 சென்டிமீட்டரை இழுத்துத் தைக்கவே கூடாதுங்க. இழுபட்ட நரம்பில் ரத்த ஓட்டம் குறையும். தையலில் தழும்பு கட்டி, வளரும் நரம்பு இழைகள் அதைத் தாண்டாது. எடுப்பது சூரல் நரம்பு. வெளிக்கணுக்காலுக்குப் பின்னால் ஓடும் உணர்வு நரம்பு அது. பாதத்தின் வெளி விளிம்பு மரத்துப்போகும், நடைக்கு ஒன்றும் ஆகாது. ரேடியல் தடிமனானது என்பதால் சில துண்டுகளை அருகருகே அடுக்கி, இடைவெளியைவிடச் சற்று நீளமாக வைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து 9-0 அல்லது 10-0 என்ற, முடியைவிட மெல்லிய நைலான் இழையில் தைப்பார்கள். அதைவிட முக்கியம், சிதைந்த முனையை நல்ல இழைக்கட்டுகள் பிதுங்கித் தெரியும்வரை சீவுவது. அதில் கஞ்சத்தனம் பார்த்தால் எவ்வளவு நுணுக்கமாகத் தைத்தும் பயனில்லை.

பதில் (பிரிக்பீல்ட்ஸ், பிசியோ): நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். நரம்பில்லாத தசை 12 முதல் 18 மாதத்தில் வீணாகிவிடும், தள்ளிப்போடாதீங்க. ஸ்பிளிண்ட் (தாங்கு கட்டு) போட்டு மணிக்கட்டை நிமிர்த்தி வைங்க. விரல்களை மறு கையால் தினமும் மடக்கி நீட்டணும். மூட்டு இறுகினால் நரம்பு வளர்ந்தும் கை திறக்காது. நரம்புப் பாதையில் தட்டினால் வரும் சுருக்கென்ற கூச்சம் மாதாமாதம் கீழே இறங்கணும். முதலில் மணிக்கட்டு நிமிரும், கட்டைவிரல் கடைசி.

கேள்வி கேட்டவர்: ஒரு வருஷமாகியும் அசையலன்னா?

பதில் (பட்டர்வொர்த்): தசைநாண் மாற்று இருக்கு. முன்கையைத் திருப்பும் தசையை மணிக்கட்டு நிமிர்த்தும் தசைநாணோடு இணைப்பார்கள். ரேடியலுக்கு நல்ல பலன் தரும், மூட்டு இளகியிருந்தால்.