எல்லாரும் சுற்றுச்சூழல் பத்தி பேசுகோம், பெறவு ஓடை ஏன் இப்படி கெடக்கு?

ஓடக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம். எங்க ஊரு படிப்பகத்துல பயலுவ எல்லாம் சேந்து பிளாஸ்டிக் விழிப்புணர்வு கூட்டம் ஒண்ணு போடலாம்னு இருக்காவ, அதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்து வீடுகள்ல சும்மா பேசிப் பாத்தேன். ஒரு ஆளு கூட பிளாஸ்டிக் நல்லதுன்னு சொல்லல்ல. குளம் பாழாப் போச்சு, மலைய ஒடச்சு டாரஸ் லாரில கொண்டு போறான், ராத்திரி களியக்காவிளை வழியா கேரளா கழிவ கொண்டு வந்து தட்டுகான்னு எல்லாருக்கும் கோவம், உண்மையான கோவம்தான் அது. அதே ஆளுவ சாயங்காலம் சந்தைக்கு போனா சாளை மீனுக்கு ஒரு கவர், ஒழுகுதுன்னு அதுக்கு மேல இன்னொரு கவர், கறிவேப்பிலைக்கு தனி கவர். ரெண்டு நாள் கழிச்சு எல்லாம் ஓடையில. மனசுல இருக்கது கைக்கு ஏன் வரமாட்டேங்குது? கூட்டம் போட்டா மாறுமா, இல்ல வேற ஏதாவது செய்யணுமா?

வடசேரிக்காரி:
எங்க அம்மை சந்தைக்கு ஓலைப்பெட்டி கொண்டுதான் போவாவ, இறைச்சிக்கடையில தேக்கு இலையில பொதிஞ்சு குடுப்பாவ, தேங்காநார் வச்சு ஒரு கெட்டு, அம்புட்டுதான். அம்மைக்கு சுற்றுச்சூழல் பத்தி யாரும் வகுப்பு எடுக்கல்ல. கடையில இருந்தது இலை, வீட்ல இருந்தது பெட்டி. இப்ப வேலை முடிஞ்சு பைக்குல வாற வழியில வாங்குகோம், கையில பை கெடையாது, கடைக்காரருக்கு கவர் இல்லன்னு சொன்னா பக்கத்து கடைக்கு ஆளு போயிரும். நான் வழக்கமா வாங்குக மீன்கார அக்காட்ட கேட்டேன், "பை இல்லாம வாற ஆளுக்கு மீன கையில ஏந்தியா குடுக்க முடியும் பிள்ளே"ன்னாவ. அவுங்கள குறை சொல்ல எனக்கு மனசில்ல. 2019 ஜனவரி 1ல தமிழ்நாடு முழுக்க தடை வந்தப்ப எங்க தெருவுல எல்லாரும் பை தூக்குனாவ, கடைகள்ல சோதனை கொறைஞ்சதும் பையும் கொறைஞ்சு போச்சு. ஆளுவளுக்க மனசு அப்பவும் இப்பவும் ஒண்ணுதான்.

பாடம்_எடுக்கவன்:
நான் காலேஜ்ல சமூகவியல் எடுக்கேன், இது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் அதனால கொஞ்சம் நீளமா சொல்லுகேன். ஜெர்மனியில டீக்மான், பிரைசென்டோர்ஃபர்னு ரெண்டு ஆய்வாளர்கள் சொன்னது என்னன்னா, ஒரு காரியம் செய்ய சிரமமும் செலவும் கம்மியா இருந்தா மனசுல உள்ள அக்கறை நடத்தையில தெரியும், சிரமம் கூடக்கூட அக்கறைக்கு பலம் கொறைஞ்சு போவும். குப்பைய பிரிச்சு போட ஆளு ரெடி, காரை விட்டுட்டு பஸ்சுல போக ஆளு இல்ல. ரெண்டாவது, அடுத்தவன் என்ன செய்யுகான்ங்கறது. அமெரிக்காவுல ஒரு ஹோட்டல்ல ரூம்ல அட்டை வச்சு பாத்தாவ, 2008ல வெளிவந்த ஆய்வு. "சுற்றுச்சூழலை காக்க துண்டை திரும்ப பயன்படுத்துங்க"ன்னு எழுதின ரூம்ல 35 சதவீதம் பேர் அப்படி செஞ்சாவ, "இங்க தங்குற பெரும்பாலானவங்க அப்படித்தான் செய்யுறாங்க"ன்னு எழுதினப்ப 44 சதவீதம் ஆச்சு. அறிவுரைய விட பக்கத்து ரூம்காரன் பெருசு. மூணாவது துட்டு. அயர்லாந்துல 2002ல ஒரு பைக்கு 15 சென்ட் வரி போட்டாவ, பை பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு. அவ்வளவு தூரம் ஏன், நம்ம நீலகிரியில 2022ல டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கி காலி பாட்டில் குடுத்தா திருப்பி குடுத்தாவ, பெரும்பாலான பாட்டில் திரும்பி வந்துச்சு. குடிக்க போற ஆளு காட்டுல யானை காலு அறுபடக் கூடாதுன்னு நினைச்சா பாட்டில பத்திரமா வச்சான்? அந்த 10 ரூபாதான். அதனால கூட்டம் தேவையில்லன்னு சொல்ல வரல்ல, உங்க ஊர்ல ஏற்கனவே ஒத்துக்கிட்ட ஆளுவள மறுபடி ஒத்துக்க வைக்க நேரம் செலவழிக்காதீங்க.

நாஞ்சில்வயல்:
சாருக்க கருத்து சரிதான் ஆனா நாம கவர்லயே நிக்கோம்னு எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நாஞ்சில் நாடு ஒரு காலத்துல திருவிதாங்கூருக்கே நெல்லு குடுத்த பூமி. இப்ப எங்க ஊர்ல வயல்ல மண்ணடிச்சு பிளாட் போட்டு வரிசையா வீடு, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கு மூவாயிரம் சதுரஅடி, பிள்ளைய வெளிநாட்டுல. டாரஸ் லாரிய பாத்து கோவப்படுகோமே, அந்த எம்சாண்டும் ஜல்லியும் நம்ம கான்கிரீட்டுக்கும்தான் வருது. 2018ல ஜெர்மனியில வந்த இன்னொரு ஆய்வு உண்டு, நான் இயற்கைய நேசிக்கவன்னு சொல்லுக ஆளு அதிகமா மாத்துகது சின்னச்சின்ன காரியங்களத்தான், மொத்தமா எவ்வளவு எரிபொருள், மின்சாரம் செலவழிக்கான்ங்கறத தீர்மானிக்கது பெரும்பாலும் அவனுக்க வருமானம்னு அதுல வந்துச்சு. எங்க தெருவுல பால் கவர கழுவி காயப்போட்டு வைக்க ஒரு கிழவி உண்டு, ஒரு பல்பு, ஒரு ஃபேன், எங்க போனாலும் பஸ். அவுங்களுக்கு இந்த விவாதமே தெரியாது. கூட்டத்துல துணிப்பை குடுக்கதோட நிக்காம வீட்டு அளவ பத்தியும் ஏசிய பத்தியும் யாராவது பேசுங்க.

குழித்துறை_மைனி:
வீட்டு அளவு பேசுனா ஆளு எழும்பி போயிருவாவ தம்பி, ஆனா பேசணும்ங்கறதுல மாத்தமில்ல.

நான் கல்யாண வீட்டு விருந்து வேலைக்கு போறவ, கண்ணால பாத்தத சொல்லுகேன். வாழ இலையில சோறு, பருப்பு, நெய், அவியல், துவரன், கடைசி பாயாசம், எல்லாம் மண்ணுக்கு போற சாதனம். இலைக்க பக்கத்துல மட்டும் ஆளுக்கொரு குட்டி தண்ணி பாட்டில், பாதி குடிச்சு பாதி அப்படியே இருக்கும், பந்தி முடிஞ்சு இலைய மடக்கி எடுக்கப்ப அதுவும் சேந்து சாக்குல போவும். யாரும் கேட்டு வாங்குகது இல்ல, முன்னாடியே வச்சிருக்கு அதனால எடுக்காவ. எங்க பக்கம் ஒரு பெரிய வீட்டுக்காரங்க அடியந்திர விருந்துக்கு எவர்சில்வர் டம்ளர் வச்சு சுக்கு வெள்ளம், அதான் சுக்குத் தண்ணி, ஊத்துனாவ, ஒருத்தர் கூட பாட்டில் எங்கன்னு கேக்கல்ல, அடுத்து வந்த ரெண்டு விருந்துல சொல்லாமலே டம்ளர் வந்துச்சு. அந்த வீட்ல பாட்டில் வச்சிருந்தா மத்தவியளும் பாட்டில்தான் வச்சிருப்பாவ, இல்லன்னா கஞ்சத்தனம்னு பேச்சு வருமேன்னு பயம். ஒரே பிரச்சனை கழுவ ஆளு. ரெண்டு பொம்பளையளுக்க கூலி கூட வரும், ஆனா பாட்டிலுக்கு ஆகுற துட்டோட வச்சுப் பாத்தா அது கம்மிதான்.

ஓடக்கரை:
மைனி சொன்னது படிப்பகத்துல எல்லாருக்கும் பிடிச்சு போச்சு. கூட்டத்த இப்ப தள்ளி வச்சாச்சு. சந்தை வாசல்ல துணிப்பையும் ஓலைப்பெட்டியும் முன்பணம் வாங்கி குடுத்து, திருப்பி தந்தா பணத்த குடுக்கலாம்னு பேசிட்டு இருக்கோம், மீன்கார அக்காமாருக்கிட்டயும் அதுக்கு முன்னாடி கேக்கணும். படிப்பகம் பேர்ல டம்ளர் வாங்கிப் போட்டு ஊரு விருந்துகளுக்கு சும்மா குடுக்கவும் ஒரு யோசனை. நாஞ்சில்வயல் அண்ணன் சொன்ன வீட்டு விஷயத்துக்கு எங்களுக்கு வழி தெரியல்ல, ஒரு ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பேசுனா நல்லா இருக்கும். மைனி, ஐநூறு பேர் விருந்துக்கு எத்தன டம்ளர் வேணும், பந்திக்கு பந்தி கழுவி எடுத்தா பாதி போதுமா?