பெண் நாய்க்குட்டிக்குக் கருத்தடை: தாம்பரம் பக்கம் நல்ல டாக்டர் சொல்லுங்களேன்

வணக்கம். தத்தெடுப்பு முகாமிலிருந்து ஒரு நாட்டு நாய்க்குட்டியை எடுத்து வந்திருக்கிறோம். பெண். ஆறு மாதம் ஆனதும் கருத்தடை ஆபரேஷன் செய்து சான்றிதழ் அனுப்ப வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். அந்த நிபந்தனையில் எனக்கு முழு சம்மதம். பெண் குட்டி என்றாலே சாக்குப்பையில் போட்டுக் குப்பைத்தொட்டி ஓரம் விட்டுப் போகிறார்களே, அதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

இப்போது ஐந்தரை மாதம். பக்கத்து கிளினிக்கில் கேட்டால், "ஒரு ஈத்து போடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். என் மாமியாரும் அதையேதான் சொல்கிறார். ஆனால் முதல் பருவத்துக்கு முன்பே செய்துவிட்டால் பிற்காலத்தில் மடியில் கட்டி வருவது வெகுவாகக் குறையும். கருப்பையில் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகும் பயமும் இருக்காது. ஏறக்குறைய 63 நாள் சுமந்து ஐந்தாறு குட்டி போட்டால், அத்தனைக்கும் யார் வீடு தேடுவது?

தாம்பரம், சேலையூர் பக்கம் மயக்க மருந்துக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கும் டாக்டர் யாராவது உண்டா? வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சமீபத்தில் செய்தவர்கள் இருந்தால், எவ்வளவு நாள் காத்திருந்தீர்கள், மொத்தம் என்ன செலவானது என்று சொல்லுங்கள். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டினீர்களா, துணிச்சட்டை போதுமா? எனக்கு சனி, ஞாயிறுதான் லீவு. அந்த நாட்களில் ஆபரேஷன் செய்கிற இடமாக இருந்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.