வார்டில் கேட்ட சிரிப்பு

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். நோயாளியைச் சிரிக்க வைத்தால் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் சிரிப்பை அவர்களே தொடங்கினால்தான் அது வேலை செய்கிறது என்பது என் அனுபவம்.

குளச்சலில் கடலுக்குப் போகிற தாத்தா ஒருவருக்குக் குடல் ஆபரேஷன் நடந்தது. வயிற்றில் தையல் இருந்தால் வலிக்குப் பயந்து மேலோட்டமாகத்தான் மூச்சு விடுவார்கள். அப்படியே விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, சளி தேங்கி, நிமோனியா வரை போகலாம். அதற்காகத்தான் மூன்று பந்து வைத்த கருவியைக் கொடுத்து மூச்சை உள்ளே இழுக்கச் சொல்வோம். தாத்தா அதைத் தொடவே இல்லை. டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை, மகள் அழுதும் கேட்கவில்லை.

மறுநாள் அவராகவே சொன்னார்: "காத்தே இல்லாத கடல்ல வள்ளம் ஓட்டச் சொல்லுதியே மக்களே!"

"சரி தாத்தா, காத்தை நீங்க இழுங்க. மூணு வள்ளமும் கிளம்புதா பாப்போம்" என்றேன்.

சிரித்துவிட்டார். உடனே தையல் சுண்டி இழுத்தது. தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடிக்கச் சொன்னேன். அப்புறம் இழுத்தார், முதல் பந்து எழும்பியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் "எத்தனை வள்ளம் போச்சு?" என்று கேட்கத் தொடங்கியதும், அவர்களுக்குக் காட்டவே விடாமல் இழுத்தார்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ராபின் டன்பாரின் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், வாய்விட்டுச் சிரித்தவர்கள் அதிக வலியைத் தாங்கினார்கள். நகைச்சுவை வீடியோவைத் தனியாகப் பார்ப்பதைவிடக் கூட்டமாகப் பார்க்கும்போதுதான் சிரிப்பும் அதிகம் வந்தது. எங்கள் வார்டில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.

இன்னொரு அக்கா, கீமோவில் முடி கொட்டியவர். "தேங்காய் எண்ணெய்ச் செலவு மிச்சம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார், நாங்களும் சிரிப்போம். பார்க்க வந்த உறவினர் ஒருவர் அதே வார்த்தையைச் சொன்னார். அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். எனக்குக் கோபம் அடங்கவில்லை. அந்த உறவினரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்: "அக்கா சொன்னா சேந்து சிரிங்க. நீங்களா எடுத்துச் சொல்லாதீங்க."

"தைரியம் குடுக்கத்தானே சொன்னேன்" என்றார். நல்ல மனசுதான். அதற்கு முன் வாந்தி நின்றதா, ஒரு வாய் கஞ்சியாவது இறங்கியதா என்று கேட்டிருக்கலாம்.