வெஸ்கரின் ‘தி கிச்சன்’ தமிழில்: ஆள் குறைவு, அடுப்புச் சத்தம் அதிகம்

கேள்வி (மேடைப்பலகை): ஆங்கில நாடகாசிரியர் ஆர்னல்ட் வெஸ்கரின் ‘தி கிச்சன்’ நாடகத்தைச் சமூக மன்ற அரங்கில் தமிழில் போடுகிறோம். பல நாட்டவர் வேலை செய்யும் ஒரு லண்டன் உணவகச் சமையலறையில் நடக்கும் கதை. மூலத்தில் ஏறத்தாழ 30 பாத்திரங்கள், எங்களிடம் 18 பேர். மதிய நெரிசலில் அடுப்பு இரைச்சல் வசனத்தை விழுங்கிவிடுகிறது. நிஜச் சாப்பாடு வைக்கலாமா?

அரிவாள்மணை: வைக்காதீர்கள். வெஸ்கரே பேஸ்ட்ரி சமையல் வேலை பார்த்தவர். அப்படியும் உணவுப் பொருள் எதுவும் கூடாது, வெறும் தட்டுதான், சமையல் எல்லாம் பாவனை என்று எழுதிவைத்திருக்கிறார். ஒவ்வொரு சமையலருக்கும் ஒரு சுற்று வகுத்துக் கொடுங்கள். மீன் சமைக்கும் பீட்டருக்கு: மீனைத் தூக்கு, பலகையில் கிடத்து, கத்தியை இறக்கு, சட்டியில் இடு, கையைத் துடை. எட்டு எண்ணுவதற்குள் முடிய வேண்டும். சொதப்புவது இரண்டு இடத்தில். வாய் திறந்ததும் கை நின்றுவிடும். இல்லாத சட்டியின் உயரம் ஆளுக்கு ஆள் மாறும். முதல் வாரம் நிஜச் சட்டியில் 3 கிலோ அரிசி போட்டுத் தூக்கட்டும், பிறகு சட்டியை எடுத்துவிடுங்கள். கனம் கையில் தங்கிவிடும்.

பக்கத்திரை: சமையலர்களில் கைவைக்காதீர்கள், பரிமாறும் பெண்களைக் குறையுங்கள். ஐந்து பேர் வலப்பக்கம் வெளியேறி, பின்திரைக்குப் பின்னால் ஓடி, இடப்பக்கம் நுழைந்தால் பத்துப் பேர் மாதிரித் தெரியும். பின்னால் ஒரு மீட்டர் வழி காலியாக இருக்கட்டும், எதிர்த்திசை நடை கூடவே கூடாது. எவர்சில்வர் தட்டு வசனத்தைக் கொல்லும், மெலமைன் போதும்.

இரைச்சலை மட்டும் நிறுத்தாதீர்கள். விடிகாலையில் ஒவ்வொரு அடுப்பாகப் பற்றவைக்கும்போது ஏறுகிற சத்தம் அது. கடைசியில் பீட்டர் எரிவாயுக் குழாயை வெட்டும்போது விழும் அமைதிக்காகத்தான் அவ்வளவு நேரமும் கேட்க வேண்டியிருக்கிறது. ஒலிபெருக்கியை நடிகர்களுக்குப் பின்னால் வையுங்கள். இரைச்சலில், பேச்சு தெளிவாகக் கேட்க உதவும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையான பகுதியைக் குறைத்து அடித்தொனியை விட்டுவையுங்கள். வசனத்தின் க, ச, த ஒலிகள் மூழ்காமல் கேட்கும். கனவைப் பற்றிப் பேசும் இடைக்காட்சியில் நன்றாக இறக்கலாம்.

ஒற்றெழுத்து: தலைப்பை ‘அடுக்களை’ ஆக்கிவிடாதீர்கள், வீட்டு வாசனை வந்துவிடும். இது தொழிற்சாலை. இங்கே ஓட்டல் ஊழியர்கள் சொல்வதும் ‘கிச்சன்’தான். பல நாட்டவர் பேச்சைக் காட்ட யாழ்ப்பாணம், தஞ்சாவூர், மலேசியத் தோட்டத் தமிழ் என்று பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் பீட்டர் ஜெர்மானியர், பேஸ்ட்ரி சமையலர் பால் (Paul) யூதர்; போர் முடிந்து அதிக காலம் ஆகாத லண்டன் அது. அதைத் தொட்டால் நாடகமே சாயும்.

அரங்க அமைப்புக்குச் செலவழிக்க வேண்டாம். 1959இல் லண்டன் ராயல் கோர்ட் நாடக அரங்கில் முதலில் ஏறியதே காட்சியமைப்பு இல்லாத ஞாயிறு இரவு நிகழ்ச்சியாகத்தான்.

உரிமை வாங்கியாயிற்றா? வெஸ்கர் 2016இல் இறந்தார். ஆசிரியர் இறந்து 70 ஆண்டுவரை பதிப்புரிமை தரும் நாடுகளில் அது 2086 முடியும்வரை உண்டு. மொழிபெயர்க்க ஒரு அனுமதி, மேடையேற்ற இன்னொன்று. இரண்டையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள், ஆள் குறைப்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

மேடைப்பலகை: மேடையேற்ற மட்டும்தான் கேட்டிருந்தோம். இன்றே எழுதுகிறேன்.